சிவப்புக் கோட்டுக்கு மூன்று விரல் மேலே

அக்கா,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக உன் குழாய்களைக் கழுவினேன். பல் விளக்கவில்லை, அடுப்பு பற்றவைக்கவில்லை. இவர் முதல் ரயிலைப் பிடிக்க இருட்டோடு கிளம்பிப் போனதும் கதவைச் சாத்திவிட்டு நேரே பின்பக்கம் போனேன். துவைக்கிற கல்லின் மேல் மூன்று குழாய்களையும் வரிசையாகச் சாய்த்து, முதல் குவளைத் தண்ணீரை ஊற்றினேன். மலைமேல் கோயில் ஒலிபெருக்கியில் பாட்டு தொடங்கியிருந்தது. காய்ந்து ஓடாகிப் போயிருந்த சேறு நனைந்ததும் ஒரு வாசனை எழுந்தது பார், அக்கா. நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. உன் கழனி எழுந்து வந்து என் வீட்டுப் பின்பக்கம் உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது.

குழாய்களை நேற்றுச் சாயங்காலம் உன் தம்பி கொண்டுவந்தான். அம்மையார்குப்பத்துத் தறியில் மிச்சமான நூலைத் திரித்துக் கட்டி, வண்டியின் பின்னால் போட்டு எடுத்து வந்திருந்தான். வாசலிலேயே குரல் கொடுத்தான்.

"டாக்டரம்மா, உன் பீரங்கிங்க மூணு எங்கக்கா மோட்டார் கொட்டாயில கெடந்துது. புது மோட்டார் எறக்கறோம், எடம் பத்தல. தூக்கிப் போட மனசு வர்ல."

உள்ளே வரச் சொன்னேன். மாடு கறக்க நேரமாகிவிட்டது என்றான். வண்டியைத் திருப்பிக்கொண்டு, போகிற போக்கில் கேட்கிற மாதிரி கேட்டான்.

"நாளிக்கு ஆர்.கே.பேட்டைல கூட்டமாமே. நீதான் பேசறியாமே?"

"ஆங். பதினோரு மணிக்கு."

"நானும் வரேன்."

அவ்வளவுதான். அந்த இரண்டு வார்த்தைக்குப் பிறகு ராத்திரிச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டேன். ஏன் என்று உனக்குத் தெரியும். உன்னையும் உன் தம்பியையும் என்னையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

ஆறு வருடத்துக்கு முன்னால் இந்தக் குழாய்களைத் தூக்கிக்கொண்டு உங்கள் ஊர் கே.ஜி.கண்டிகைக்கு வந்தபோது நான் எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் ஒப்பந்த வேலையில் இருந்தேன். ஒரு முழ நீளப் பிளாஸ்டிக் குழாய். உடம்பெல்லாம் துளை போட்டது. கழனியில் புதைத்து, உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிட்டால், நிலத்துக்கு அடியில் தண்ணீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்று மேலிருந்து எட்டிப் பார்த்தே சொல்லிவிடலாம். நெல்லுக்கு எந்நேரமும் தண்ணீர் நிற்க வேண்டியதில்லை. காயவிட்டுப் பாய்ச்சினாலும் விளைச்சல் குறையாது. உள்சுவரில் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான ஆழத்தில் பச்சைக் கோடு. தண்ணீர் அதுவரை இறங்கலாம் என்பது எல்லோரும் ஏற்கெனவே ஒப்புக்கொண்டது. அதற்கு ஆறு விரல் கீழே நான் ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தேன். இந்தப் பக்கத்து மண் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் இங்கே இன்னும் ஆழம் வரை காயவிடலாம் என்பது என் எண்ணம். அது சரியானால் ஒவ்வொரு சாகுபடிப் பட்டத்திலும் எத்தனையோ பாய்ச்சல் மிச்சம். போர்க்கிணறு எல்லாம் தண்ணீருக்குப் பதில் காற்றைக் கக்கிக்கொண்டிருந்த வருடம் அது.

டீக்கடையில் நின்றவர்கள் எல்லோரும் நான் சொன்னதைக் கேட்டார்கள். கழனி தருகிறேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. உன் தம்பி குழாயைக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னா மேடம், எதிரி யாருன்னு சொல்லவே இல்லயே. எந்தப் பக்கம் சுடணும்?" என்றான். கடையே சிரித்தது. பால் கேனோடு அந்தப் பக்கம் வந்த நீ சிரிக்கவில்லை. குழாயை அவன் கையிலிருந்து பிடுங்கி, உள்ளே பார்த்து, "கெணத்துல எட்டிப் பாக்கற மாதிரி கீது" என்றாய். பிறகு என்னைப் பார்த்து, "எங்க வூட்டுக்காரர் ஆட்டோ ஓட்றாரு. கழனி என் பொறுப்பு. எம்மாம் எடம் வேணும்?" என்றாய்.

ஒன்பது பாத்தி கேட்டேன். மூன்றில் எப்போதும் தண்ணீர் நிற்கும். மூன்றில் பச்சைக் கோடு. மூன்றில் சிவப்பு. எந்தப் பாத்திக்கு எது என்று நான் சீட்டு எழுதிக் குலுக்கியபோது நீ இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாய்.

"இம்மாம் படிச்சிட்டு, கோயில்ல பூ போட்டுப் பாக்கற மாதிரி சீட்டு போடறியே."

என் கை நல்ல பாத்தியாகப் பார்த்துச் சிவப்புக்குக் கொடுத்துவிடக் கூடாது, அதற்காகத்தான் சீட்டு என்றேன். "அப்போ உன்னயே நீ நம்பல" என்றாய். ஆமாம் என்றேன். "நல்ல படிப்புதான்" என்றாய். என் பாடத்தை இதைவிடச் சுருக்கமாக நான் யாரிடமும் கேட்டதில்லை. எங்கள் நிலையத்துக்குப் புதிதாக வருகிறவர்களிடம் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். யார் சொன்னது என்றும் சொல்கிறேன்.

தினமும் காலையில் ஒன்பது குழாயிலும் குச்சி விட்டு அளந்து நோட்டில் எழுத வேண்டியது உன் வேலை. எட்டாம் வகுப்போடு நிறுத்திய உன் கையெழுத்து என்னுடையதைவிடத் தெளிவு. வியாழக்கிழமைதோறும் நான் வருவேன். வரப்பில் உட்கார்ந்து நோட்டைப் பார்ப்பேன். நீ களியும் காராமணிக் குழம்பும் கொண்டுவருவாய். சாப்பிட்ட கையோடு நான் எண்களைக் கூட்டிக்கொண்டிருந்தால், "கைய கழுவும்மா மொதல்ல, நோட்டுலயும் கொழம்பா?" என்று தட்டுவாய். 'மேடம்' எப்போது 'எம்மா' ஆனது என்று எனக்கு நினைவில்லை. ஒன்பதாவது வாரமோ பத்தாவதோ இருக்கும்.

மூன்று பட்டம் அப்படி ஓடியது. மூன்றிலும் சிவப்புக் கோட்டுப் பாத்தி, தண்ணீர் நின்ற பாத்திக்குச் சமமாகவே விளைந்தது. கடைசி அறுவடையன்று தராசைப் பார்த்துவிட்டு நான் உன்னைக் கட்டிக்கொண்டேன். உன் முதுகு விறைப்பாக இருந்தது. வெயிலில் நின்ற அசதி என்று நினைத்தேன்.

அந்த முடிவை வைத்து எழுதிய கட்டுரை வெளிவந்தது. வேலை நிரந்தரமாயிற்று. "சிவப்புக் கோடு வரை காத்திருங்கள்" என்று துண்டறிக்கை அச்சிட்டோம். நானே எழுதினேன், படமும் நானே போட்டேன். முதல் கட்டை உங்கள் ஊரில்தான் கொடுத்தேன். உன் தம்பி வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "சரி, பீரங்கிய நம்பித்தான் பாக்கலாம்" என்றான். அடுத்த நவரைப் பட்டத்தில் வரப்புக்கு அந்தப் பக்கம் தன் கழனி முழுக்க அப்படியே செய்தான்.

அறுவடைக்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு அனுப்பினான். நான் போனபோது அவன் ஒரு கதிரை உள்ளங்கையில் உருவி ஊதினான். பாதி பறந்து போயிற்று. உள்ளே அரிசியே இல்லாத வெறும் உமி. சாவி.

"இன்னா டாக்டரம்மா இது?"

நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நீயும் நின்றுகொண்டிருந்தாய். நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு ஒரு எழுத்து பிசகாமல் நினைவிருக்கிறது: "நீங்க ஒழுங்கா அளந்திருக்க மாட்டீங்க. உங்க அக்காவைப் பாருங்க, மூணு பட்டம் ஒரு நாள் தவறாம அளந்தாங்க. அவங்களுக்கு வந்துச்சே?"

அவன் உன்னைத்தான் பார்த்தான், பெருமையாக. உன்னைப்போலத் தனக்கு வராது என்கிற மாதிரி. நீ முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாய்.

நாலு நாள் கழித்து, முதல் டவுன் பஸ்ஸில் திருத்தணிக்கு வந்து என் வீட்டுக் கதவைத் தட்டினாய். தலைக்குக் குளித்திருந்தாய், கையில் அர்ச்சனைத் தட்டு.

"மலைக்குப் போய்ட்டு வரியாக்கா?"

"இல்ல. மொதல்ல உங்கிட்ட. அப்புறம்தான் அவருகிட்ட. கத்தாத கேளு." உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "அந்த செவப்புக் கோடு வரிக்கும் ஒரு நாளு, ஒரே ஒரு நாளுகூட தண்ணிய எறங்க வுட்டதில்ல நானு. அதுக்கு முன்னாடியே மடைய தொறந்துடுவேன்."

"நோட்டுல எழுதினது?"

"நீ இன்னா எதிர்பாக்கறியோ அத்த எழுதினேன்."

"ஏன்க்கா? ஏன்?"

"ஒரு நாளு வரப்புல நின்னுகினு உங்கம்மாகிட்ட போன்ல பேசினியே. 'இந்தத் தபா ரிசல்ட் வரலன்னா என்னை எடுத்துடுவாங்கம்மா'ன்னு. எங்கழனில வந்து உனுக்கு வேல போவணுமா? அதுவும் இல்லாம..." தட்டில் இருந்த தேங்காயைச் சரியாக வைத்தாய். "மண்ணு வாயப் பொளந்துகினு கெடக்குது. பயிரு நாக்கு வறண்டு நிக்குது. ஆறு பாத்திக்கு ஊத்திட்டு மூணு பாத்திய பாத்துகினு இரின்னா, எப்பிடிம்மா? பந்தில ஆறு பேருக்கு சோறு போட்டுட்டு மூணு பேர ஒக்கார வெக்கறாப்பல. எனுக்குக் கை நிக்கல."

அப்போது நான் கேட்ட முதல் கேள்வி என்ன என்பதை எழுதவே கூசுகிறது. "யார்கிட்டயாவது சொன்னியா?" என்று கேட்டேன்.

"தம்பிகிட்ட நேத்தே சொல்லிட்டேன். அவன் சாவி நெல்ல தூத்திகினு இருந்தான். பாக்க முடில."

"என்ன சொன்னான்?"

"முறத்த கீழ போட்டுட்டு எழுந்து போய்ட்டான். ராவுக்கு வந்து வாசல்ல நின்னுகினு, 'கொழம்பு கீதா'ன்னான். ஊத்தினேன்."

நான் கத்தத்தான் செய்தேன். எனக்கு நீ நல்லது செய்யவில்லை, என் வேலையையே கெடுத்துவிட்டாய் என்றேன். "ஆங், தெரியும். அதான் வந்தேன்" என்றாய். மலைக்குப் போகலாம் வா என்று கூப்பிட்டாய். தலைவலி என்றேன். நீ தனியாகப் படியேறினாய். மாடியிலிருந்து பார்த்தேன், கூட்டத்தில் உன் பச்சைப் புடைவை கொஞ்ச நேரம் தெரிந்தது.

இரண்டு மாதம் கழித்து நீ போன் செய்தாய். "எப்பம்மா மீதி பீரங்கிய எடுத்தாற? இந்தத் தபா நீ சொன்னாப்பலயே வுடறேன். கருகினாலும் கண்ண மூடிக்கறேன்." பார்க்கலாம் அக்கா என்றேன். அதுதான் நான் உன்னிடம் கடைசியாகப் பேசியது. அடுத்த மாதம் உனக்குக் காய்ச்சல் வந்தது. எட்டு நாள்.

உன்னை எடுத்த அன்று உன் வீட்டு வாசலில் நின்றேன். உன் தம்பி என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டான். அவன் யாரிடமும் எதையும் சொல்லியிருக்கவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கண்டிகைப் பக்கம் போகும்போது, "பூக்கிற சமயத்துல மட்டும் கொஞ்சம் முன்னாடியே தண்ணி விட்டுடுங்க" என்று வாய்வார்த்தையாக நாலு பேரிடம் சொல்வேன். அச்சில் சிவப்புக் கோடு அப்படியே இருந்தது. இப்போது வட்டாரம் முழுவதற்கும் என்று மறுபடியும் அச்சிட்டு, கட்டுக் கட்டாக என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். இன்றைய கூட்டம் அதற்குத்தான். நான் பேசி முடித்ததும் கொடுக்க வேண்டும். உன் தம்பி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்ட அதே படம்.

இந்த ஒன்றரை வருடமும் நான் உன்மேல் கோபமாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். உன் அன்புதான் என் ஆராய்ச்சியைக் கெடுத்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது. குழாயைக் கழுவும்போதுதான் அது போயிற்று.

முதல் குழாயின் உள்ளே பழைய பல் துலக்கும் பிரஷ் விட்டுத் தேய்த்தேன். பாசி கழன்றது. சிவப்புக் கோடு மங்கலாகத் தெரிந்தது. அதற்கு மேலே ஒரு கீறல். சேறு அடைத்துக் கறுப்பாக, பிளாஸ்டிக்கில் ஆழமாக இறங்கியிருந்தது. கல்லில் உரசியது என்று முதலில் நினைத்தேன். ஆனால் நேராக இருந்தது. சின்னச் சின்னப் பல் பல்லாக இருந்தது. உன் கருக்கரிவாளின் நுனி.

இரண்டாவது குழாயை எடுத்தேன். அதிலும் இருந்தது. மூன்றாவதிலும். உள்ளே போய் ஸ்கேல் எடுத்துவந்து அளந்தேன். ஒரு தரம் இல்லை, மூன்று தரம். மூன்று குழாயிலும் சிவப்புக் கோட்டிலிருந்து ஒரே உயரம். உன் விரலுக்கு மூன்று விரல் இருக்கும். பச்சைக்கும் சிவப்புக்கும் நட்டநடுவே.

துவைக்கிற கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். நீ மனம் பொறுக்காமல் நினைத்த நேரத்தில் நினைத்தபடி தண்ணீர் விட்டாய் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்? இல்லை. உனக்கென்று ஒரு கோடு வைத்திருந்தாய். பயிர் இதுவரை தாங்கும், இதற்குமேல் தாங்காது என்று உன் கண்ணுக்குப் பட்ட இடத்தில் கீறி வைத்து, மூன்று பாத்திக்கும் அதே அளவில், மூன்று பட்டமும் மடை திறந்திருக்கிறாய். பச்சைக் கோட்டைவிட மூன்று விரல் ஆழம் வரை காயவிட்டிருக்கிறாய். அதற்குத்தான் அந்த விளைச்சல். நான் ஒரு கோட்டை வைத்து ஆராய்ச்சி நடத்துவதாக நினைத்துக்கொண்டிருந்த இடத்தில் நீ வேறொரு கோட்டை வைத்து ஒழுங்காக நடத்தியிருக்கிறாய். நோட்டில் மட்டும் எனக்காகப் பொய் எழுதினாய்.

அன்றைக்கு நீ தட்டோடு என் முன்னால் நின்றபோது, "சிவப்பு வரை விடவில்லை என்றால், வேறு எதுவரை விட்டாய்?" என்று நான் கேட்டிருக்க வேண்டும். ஆராய்ச்சி செய்கிறவள் கேட்க வேண்டியது அந்த ஒரு கேள்விதான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாய். யாருக்குத் தெரியும் என்பதைத்தான் கேட்டேன்.

அக்கா, யாரும் கழனி தராத நாளில் கழனி தந்தாய். அதற்கு நன்றியை அப்போதே சொல்லிவிட்டேன். களிக்கும் குழம்புக்கும் சொல்லியிருக்கிறேன். நீ படியேறுவதற்கு முன்னால் என் வீட்டுக்கு வந்தாயே, அதற்குச் சொல்லவில்லை. நீ வாய் திறக்காமல் இருந்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. உன் தம்பி தன்னையே நொந்துகொண்டிருப்பான். அடுத்து ஆர்.கே.பேட்டையில் யாரோ கதிரை ஊதிப் பார்த்திருப்பார்கள், அவர்களிடமும் "ஒழுங்கா அளந்திருக்க மாட்டீங்க" என்று சொல்லியிருப்பேன். சொந்தத் தம்பியிடம் போய், உன் நெல் சாவியானதற்கு நான்தான் காரணம் என்று சொல்ல உன்னால் முடிந்தது. ஒரு ராத்திரிக்குள் அவன் குழம்பு கேட்டு வாசலுக்கு வந்தான். இத்தனை நாள் எதற்காகப் பயந்தேன் என்று இப்போது யோசித்தால், அந்த வாசல்தான் நினைவுக்கு வருகிறது.

மணி எட்டரை. ஒன்பதரை பஸ்ஸுக்குப் போனால் சரியாக இருக்கும். துண்டறிக்கைக் கட்டுகளை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். கூட்டத்தில் எழுந்து, இந்தச் சிவப்புக் கோடு தவறு, அதை நம்பி ஒருவருக்கு நெல் சாவியாயிற்று, அவர் சரியாகத்தான் அளந்தார், தப்பு என்னுடையது என்று சொல்லப் போகிறேன். கட்டுரையைத் திரும்பப் பெற எழுதப் போகிறேன். அதற்குப் பிறகு என் நாற்காலி என்ன ஆகும் என்று தெரியவில்லை. வரப்புக்கு அந்தப் பக்கத்துக் கழனியை ஒன்பது பாத்திக்குத் தருவாயா என்று உன் தம்பியிடம் எல்லோர் முன்னாலும் கேட்கப் போகிறேன். இந்தத் தடவை உன் கோடுதான். சீட்டுக் குலுக்கித்தான் போடுவேன். உன் கோடு தோற்றாலும் அப்படியே எழுதுவேன்.

இவரிடம் இதைச் சொல்லவில்லை. நிலையத்தில் சொல்லவில்லை. மலைமேல் இருப்பவரிடமும் சொல்லவில்லை. மொதல்ல உங்கிட்ட.

குழாய் ஒன்றைத் துடைத்துக் கட்டைப்பையில் வைத்திருக்கிறேன். கீறலில் இருக்கும் சேற்றை மட்டும் எடுக்கவில்லை. அது இருந்தால்தான், குழாய் கைமாறிப் போகும்போது கடைசி வரிசையில் உட்கார்ந்து எட்டிப் பார்ப்பவர்களுக்கும் உள்ளே கோடு தெரியும்.